டைனர் திரும்பிப் பார்த்ததில்லை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தில், ராக்வில் என்ற ஊரில், 1989இல் ஓர் உணவகம் திறந்தது. வெளியே எவர்சில்வர் தகடும் நியான் விளக்கும். உள்ளே நீளமான கவுண்ட்டர், சுழலும் ஸ்டூல்கள், ஜூக்பாக்ஸ். பார்த்த மாத்திரத்தில் 1950களில் கட்டியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெயின்ட் வாசனைகூடப் போகாத புத்தம் புதிய கட்டடம் அது. பெயர் சில்வர் டைனர். ராபர்ட் ஜியாமோ என்ற உணவகத் தொழிலதிபரும் ஈப் வான் ஹெங்ஸ்ட் என்ற சமையற்கலைஞரும் சேர்ந்து தொடங்கிய இந்தக் கடை, மேரிலாந்து, வர்ஜீனியா என்று அக்கம்பக்கத்து மாநிலங்களுக்குள்ளேயே கிளை விட்டு, இன்று இருபதை ஒட்டிய கிளைகளோடு ஒரு வட்டாரச் சங்கிலியாக நிற்கிறது. இதே சரக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பரவிய வேறு சில பெயர்கள் தேய்ந்தன. ஒன்று திவாலுக்கே மனுப் போட்டது. தன் எல்லையைத் தாண்டாத இது மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டால் இடம், விலை, நிர்வாகம் என்று வணிகப் பக்கங்கள் பதில் சொல்லும். அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது என்பது என் வாதம். டைனர் என்ற உணவக வகை தன் நல்ல காலம் முழுக்கப் புதுமையைத்தான் விற்றது. பழமையை விற்றதே இல்லை. ஆகவே 1950களை அச்சு அசலாகப் பிரதியெடுத்த கடைகள், எவ்வளவு ஒத்துப்போயினவோ அவ்வளவுக்கு டைனர் என்பதன் குணத்தை இழந்தன. சில்வர் டைனர் அந்தப் பிரதியைப் பாதியில் கைவிட்டது. பிழைத்ததற்கு அதுவே பெரிய காரணம்.

டைனரின் கதை ஒரு குதிரை வண்டியில் ஆரம்பிக்கிறது. 1872இல் ரோட் ஐலண்டு மாநிலத்து பிராவிடன்ஸ் நகரில் வால்ட்டர் ஸ்காட் என்பவர் (நாவலாசிரியர் அல்ல, அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர்) வண்டி நிறையச் சான்ட்விச்சும் ‘பை’ என்ற பலகாரமும் காபியும் ஏற்றிக்கொண்டு, மற்ற கடைகளெல்லாம் சாத்திய பிறகு பத்திரிகை அலுவலகத்தின் பக்கம் நிறுத்தினார். இரவு வேலைக்காரர்கள் வாங்கித் தெருவிலேயே நின்று தின்றார்கள். நம் கையேந்தி பவனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். 1887இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர், ஆட்கள் ஏறி உள்ளே நின்று சாப்பிடும் அளவுக்கு வண்டியைப் பெரிதாக்கினார். பனி கொட்டும் ஊரில் தலைக்கு மேல் ஒரு கூரை என்பது சின்ன விஷயமில்லை. பிறகு மின்சார டிராம் ஓட ஆரம்பித்ததும், குதிரை இழுத்த பழைய டிராம் பெட்டிகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. அவற்றை வாங்கிக் கடையாக்கினார்கள். விடிந்ததும் வண்டிகள் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று நகராட்சிகள் விதி போட்டபோது, வண்டிக்காரர்கள் காலி மனையாகப் பார்த்து ஓரங்கட்டி, அங்கேயே நிலைத்துவிட்டார்கள். ரயிலில் இருந்த உணவுப் பெட்டியின் பெயரை இரவல் வாங்கி டைனர் என்று சொல்லத் தொடங்கியதும் இந்தப் பாதையில்தான்.

நிலைத்த பிறகும் டைனர் வண்டியின் உடம்பை விடவில்லை. அவை தொழிற்சாலையில் முழுசாகச் செய்யப்பட்டு, அடுப்பு, கவுண்ட்டர், ஸ்டூல் எல்லாம் பொருத்திய நிலையில் ஊர் வந்து இறங்கின. வூஸ்டர் லஞ்ச் கார் நிறுவனம் 1906இல் தொடங்கி 1957 வரை 651 டைனர்களைச் செய்தது. முதல் வண்டிக்கே எண் 200 என்று போட்டார்கள். புதுக் கம்பெனி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. நியூ ஜெர்சியில் ஜெர்ரி ஓமஹோனி, ஃபொடேரோ, குல்மன் என்று வேறு பல நிறுவனங்கள் இருந்தன. ஒரு டைனரின் உட்புறத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அகலம் குறைவு; தெருவிலும் தண்டவாளத்திலும் இழுத்துப் போக வேண்டும் என்பதால் அதற்கு மேல் முடியாது. அந்தக் குறுகலுக்குள் ஒருபக்கம் சுவரோடு அடுப்பும் தட்டைக்கல்லும், நடுவில் நீளக் கவுண்ட்டர், மறுபக்கம் தரையில் ஆணியடித்த ஸ்டூல்கள். சமைக்கிறவர் ஒரே இடத்தில் நின்று, உடம்பைத் திருப்பினால் முட்டையும், இன்னொரு பக்கம் திருப்பினால் கல்லாவும் எட்டும். வாடிக்கையாளருக்குத் தன் சாப்பாடு தயாராவது கண்ணெதிரே தெரியும். அடுக்களையை ஒளித்துவைக்க இடமே இல்லாததால் வந்த வெளிப்படைத்தன்மை இது. யாரும் அழகுக்காக இந்த அமைப்பை யோசிக்கவில்லை. வண்டி போட்ட கட்டளைக்கு மனிதர்கள் பழகிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பழக்கத்துக்கே ஓர் அழகு வந்தது.

இந்த உடம்புக்கு மேல் போட்ட உடுப்புதான் காலத்துக்குக் காலம் மாறியது. 1920களில், ஆண்களின் இரவுக்கூடம் என்ற கெட்ட பெயரைப் போக்க, பெண்களும் வரலாம் என்று பலகை வைத்து, ஸ்டூலில் ஏறச் சங்கடப்படுகிறவர்களுக்காக மேஜை நாற்காலி போட்டார்கள். 1930களில் ரயில் என்ஜின்கள் காற்றைக் கிழிக்கும் வழவழப்பான உருவம் பெற்றபோது டைனரும் அதே உருவத்தைப் பெற்றது. மாசசூசெட்ஸில் செய்யப்பட்ட ஸ்டெர்லிங் ஸ்ட்ரீம்லைனர் டைனர்களில் சிலவற்றுக்கு முனை என்ஜின் மூக்கைப் போலச் சாய்ந்திருக்கும். நின்ற இடத்தைவிட்டு நகராத ஒரு கட்டடத்துக்கு எதற்கு வேகம் என்று யாரும் கேட்கவில்லை. போருக்குப் பிறகு எவர்சில்வர், ஃபார்மைக்கா, நியான். இன்று நமக்குப் பழசின் அடையாளமாகத் தெரியும் இந்த மூன்றும் அன்றைக்குச் சந்தையில் கிடைத்த ஆகப் புதிய பொருட்கள். ஃபார்மைக்கா மேஜையில் காபி குடித்தவர் தான் நாளைய உலகத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்திருப்பார். 1960களில் மின்னும் தகடு பழசாகிப் போனதாகத் தோன்றியபோது உரிமையாளர்கள் கொஞ்சமும் கண்கலங்கவில்லை. கிழக்குக் கடற்கரை டைனர்கள் பலவற்றை அப்போது நடத்தியவர்கள் கிரேக்கக் குடியேறிகள். தகட்டின் மேல் கல்லும் செங்கல்லும் பதித்து, வளைவுகள் வைத்து, மத்தியதரைக்கடல் பாணிக்கு மாறிவிட்டார்கள். மெனுவிலும் கிரேக்க சாலட்டும் மூசக்காவும் ஏறின. பிற்காலத்து ரசிகர்கள் கோயில் சிற்பத்துக்கு வெள்ளையடித்தது போல இதற்காக வருந்துகிறார்கள். வருந்த வேண்டியதில்லை. டைனர் எப்போதும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்.

டைனரை வீழ்த்தியதும் புதுமைதான். மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெனுவைச் சுருக்கி, சர்வரை நீக்கி, ஹாம்பர்கரைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார்கள். 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் போக்குவரத்தை ஊர்த் தெருக்களிலிருந்து பிரித்து வெளியே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு வூஸ்டர் நிறுவனம் தன் கடைசி வண்டியைச் செய்து முடித்தது. ஒரு பொருள் வழக்கொழிந்த பிறகுதான் அதன்மீது ஏக்கம் முளைக்கும். 1973இல் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’, சான் பிரான்சிஸ்கோவின் மெல்ஸ் டிரைவ்-இன் கடையைத் திரையில் ஏற்றியது; படம் எடுத்த பிறகு அந்தக் கடையை இடித்தும் விட்டார்கள். 1974இல், 1950களில் நடக்கும் ‘ஹேப்பி டேஸ்’ தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1978இல் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் நகரத்து மாடர்ன் டைனர் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. அந்த மரியாதையைப் பெற்ற முதல் டைனர் அது. பெயரே ‘நவீன’ டைனர், ஏறிய இடமோ பழம்பொருள் பட்டியல். மறு ஆண்டு ரிச்சர்ட் கட்மன் டைனர் வரலாற்றை முறையாகத் தொகுத்த நூலை வெளியிட்டார். 1982இல் பேரி லெவின்சன், 1959ஆம் ஆண்டு பால்டிமோரில் நடக்கும் ‘டைனர்’ படத்தை எடுத்தார். அந்தப் படத்துக்கான டைனரை நியூ ஜெர்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கடை சினிமா செட்டாகிவிட்டது.

செட் போட்ட பிறகு அதற்குள் கல்லா வைக்க ஆட்கள் வராமல் இருப்பார்களா? அதே 1982இல் கலிஃபோர்னியாவின் பால்போவா கடற்பாலத்து முனையில் ரூபீஸ் டைனர் திறந்தது. 1940களின் தோற்றம் அதன் சரக்கு. 1984இல் சிகாகோவில் எட் டெபெவிக்ஸ் வந்தது. எட் டெபெவிக் என்று ஒரு மனிதர் கிடையாது, அதுவும் கற்பனைதான். அங்கே சர்வர்கள் வாடிக்கையாளரைச் சீண்டிப் பேசுவதும் கவுண்ட்டர் மேல் ஏறி ஆடுவதும் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிகள். 1986இல் லாஸ் ஏஞ்சலிஸின் மெல்ரோஸ் அவென்யூவில் ஜானி ராக்கெட்ஸ் இருபது ஸ்டூல்களோடு தொடங்கி, உலகம் முழுக்கக் கடைவளாகங்களுக்குள் பரவியது. நாடகம் என்றால் ஒரே வசனத்தை எத்தனை நாள் பேச முடியும்? எட் டெபெவிக்ஸ் சிகாகோவில் 2015இல் மூடி, சில ஆண்டுகள் கழித்து வேறு இடத்தில் திறந்தது. ரூபீஸ் 2018இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. ஜானி ராக்கெட்ஸ் 2020இல் ஃபேட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு சுமார் 2.5 கோடி டாலருக்குக் கைமாறியது. ஒவ்வொன்றின் சரிவுக்கும் வாடகை, கடன், கொரோனா என்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றும் உண்டு: 1955இல் உறைந்து நிற்பதாக வாக்குக் கொடுத்த கடை அடுத்த ஆண்டுக்கு நகர்ந்தால் வாக்குத் தவறியதாகிவிடும், நகராவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார்.

சரி, உறைய வைத்தது எதை? இங்கேதான் மேரிலாந்தின் வரலாறு குறுக்கே வருகிறது. அந்த மாநிலத்தின் வழியாக ஓடிய 40ஆம் எண் நெடுஞ்சாலை, நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே அன்று முக்கியமான பாதை. இருபுறமும் டைனர்கள், உணவகங்கள். 1960இல் ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக விடுதலை பெற்றன. நியூயார்க்கில் ஐ.நா., வாஷிங்டனில் வெள்ளை மாளிகை. இரண்டுக்கும் நடுவே அந்த நாடுகளின் தூதர்கள் இந்தச் சாலையில் காரில் போய்வந்தார்கள். 1961 ஜூனில் சாட் நாட்டின் தூதர் ஆடம் மாலிக் சோ, அதிபர் கென்னடியிடம் தன் நியமனப் பத்திரத்தைக் கொடுக்கப் போகும் வழியில் எட்ஜ்வுட் அருகே போனி பிரே டைனரில் இறங்கி ஒரு காபி கேட்டார். இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் தூதர் என்று தெரியாமல் போய்விட்டது என்பதுதான் பிறகு அங்கிருந்து வந்த சமாதானம். அதாவது சாதாரணக் கறுப்பர் என்று நினைத்துத்தான் மறுத்தோம், தப்பில்லையே என்ற அர்த்தம். இதை நையாண்டி செய்ய, அதே ஆண்டு ஆகஸ்டில் பால்டிமோரின் ஆஃப்ரோ-அமெரிக்கன் பத்திரிகையின் நிருபர்கள் மூன்று பேர் வாடகைக்கு அங்கிகளும் மேலுடைகளும் எடுத்துக்கொண்டு, கோபன் என்ற இல்லாத நாட்டின் பிரமுகர்களாக அதே சாலையில் கிளம்பினார்கள். சில கடைகளில் மேஜை காட்டி உட்காரவைத்து உபசரித்தார்கள். சில கடைகளில் கோபன் நாட்டு மந்திரிக்கும் இடமில்லை என்றார்கள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு கறுப்பர் அந்த ஸ்டூலில் உட்கார அந்நியராக வேஷம் கட்ட வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டிய ரெட்ரோ டைனர்களில் சர்வர்கள் காகிதத் தொப்பியும் போ-டையும் கட்டி நின்ற வேஷத்தைப் பார்க்கும்போது எனக்கு இந்த வாடகை அங்கிதான் நினைவுக்கு வருகிறது.

இது ஏதோ தனித்த சம்பவம் என்று ஒதுக்கவும் முடியாது. 1960 ஜூனில் பால்டிமோரின் ஹூப்பர்ஸ் உணவகத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்த மாணவர்களில் பன்னிரண்டு பேர் அத்துமீறி நுழைந்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் பெல்லுக்கு அப்போது வயது 16. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1964இல் அவர் பெயரிலேயே தீர்ப்பானது. அதே ஆண்டு ஜூலையில், உணவகங்கள் நிறம் பார்த்து மறுப்பதைத் தடைசெய்த கூட்டாட்சிக் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. பின்னாளில் அந்த ராபர்ட் பெல், தன் தண்டனையை ஒருமுறை உறுதிசெய்த மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே தலைமை நீதிபதியானார். அவர் அந்த நாற்காலியில் அமர்ந்த 1996ஆம் ஆண்டில்தான் சில்வர் டைனரின் பங்குகள் சந்தைக்கு வந்தன. வெறும் தற்செயல்தான், ஆனால் ‘நல்ல பழைய நாட்கள்’ என்ற சரக்கை அதே மாநிலத்தில் அதே ஆண்டில் விலைபேசும்போது, அந்த நாட்களில் உணவகத்தில் இடம் மறுக்கப்பட்டவர் ஒருவர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், அது வலுவானதும்கூட. ஹாம்பர்கர் தின்ன வருகிறவரிடம் எதற்கு இந்த வரலாற்றுப் பாடம்? 1989இல் பிறந்த ஒரு கம்பெனி, 1961இல் வேறு யாரோ செய்ததற்குப் பொறுப்பா? ரெட்ரோ டைனரில் எல்லா நிறத்தவரும் உட்காருகிறார்கள். அசலைவிடப் பிரதி மேலானதாயிற்றே? பொறுப்பு இல்லை என்பதை நான் முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். பிரதி மேலானது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அது சாதகம்தான். ரெட்ரோ டைனரின் சிறந்த அம்சம், அதாவது எவரும் எந்த ஸ்டூலிலும் உட்காரலாம் என்பது, அதில் இருக்கிற ஒரே புதிய விஷயம். தகடு, பாட்டு, தொப்பி எல்லாம் பழசு. மரியாதை மட்டும் 1964க்குப் பிந்தியது. ஆனால் விளம்பரம் சொன்னது நேர் எதிராக: பழசு எல்லாம் நல்லது, அதை அப்படியே கொண்டுவந்திருக்கிறோம் என்று. வெறும் சாப்பாடுதானே என்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறும் சாப்பாடு என்றால் இவ்வளவு செலவு செய்து எவர்சில்வர் தகடு எதற்கு? அந்தத் தகட்டுக்குக் காசு செலவழித்தவர்கள், வாடிக்கையாளர் ஒரு காலத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்று கணக்குப் போட்டுத்தான் செலவழித்தார்கள். காலத்தை விற்றால் அதன் தரத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

இன்னொரு கூட்டம் வேறு திசையிலிருந்து மறுக்கும். ரெட்ரோ சங்கிலிகள் எல்லாமே போலி. உண்மையான வூஸ்டர் வண்டிகள் இன்னும் மாசசூசெட்ஸில் இருக்கின்றன, அங்கே போங்கள் என்பார்கள். பாதுகாத்த பழைய வண்டிகள்மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் போலி என்ற குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. டைனர் பிறப்பிலேயே போலிதான். ரயில் பெட்டியாக நடித்த டிராம், என்ஜினாக நடித்த கடை. பிரதியெடுப்பதில் குற்றமில்லை. தன்னைவிடப் புதியதைப் பிரதியெடுக்கும்வரை டைனர் உயிரோடு இருந்தது. தன்னைவிடப் பழையதைப் பிரதியெடுக்க ஆரம்பித்தபோதுதான் மூச்சு வாங்கியது.

சில்வர் டைனருக்கு வருவோம். முதலில் அதுவும் மற்றவர்கள் போலத்தான்: மீட்லோஃப், மில்க்‌ஷேக், மேஜையில் கெச்சப் பாட்டில். பங்குச் சந்தையில் நுழைந்த சில ஆண்டுகளிலேயே அங்கிருந்து விலகித் தனியார் நிறுவனமாகத் திரும்பியது. 2010 வாக்கில் மெனுவை அடியோடு திருத்தினார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் முட்டையும் காய்கறியும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனி வகைகள், இறைச்சி உண்ணாதவர்களுக்குத் தனி வகைகள். 1955இல் இவற்றைக் கேட்டிருந்தால் சமையல்காரர் சிரித்திருப்பார். மிகச் சுவாரசியமான மாற்றம் 2012இல் குழந்தைகள் மெனுவில் நடந்தது. அமெரிக்க உணவகங்களில் குழந்தைக்கு என்ன வாங்கினாலும் கூடவே ஃபிரெஞ்சு ஃபிரைஸ் வரும், குளிர்பானம் வரும். சில்வர் டைனர் இரண்டையும் தடைசெய்யவில்லை. குழந்தைகள் மெனு அட்டையிலிருந்து எடுத்துவிட்டது, அவ்வளவுதான். கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் தட்டில் ஸ்ட்ராபெரியோ காய்கறியோ வரும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கடைகளின் பில்களை எடுத்துப் பார்த்தார்கள். மாற்றத்துக்கு முன் குழந்தைகளுக்கான ஆர்டர்களில் சத்தான முழுச் சாப்பாடு 3 சதவீதம். பின் 46 சதவீதம். வருமானம் குறையவும் இல்லை. 2015இல் வெளியான இந்த ஆய்வு பொதுச் சுகாதார வட்டாரத்தில் நிறையப் பேசப்பட்டது. குழந்தையின் விருப்பம் என்று நாம் நினைத்ததில் பாதி, அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதே என்று அது காட்டியது.

இது ஒரு டைனருக்கு எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1950களின் நினைவில் ஃபிரைஸும் சோடாவும்தான் மையம். ஜூக்பாக்ஸை வைத்துக்கொண்டு ஃபிரைஸைப் பின்னுக்குத் தள்ளுவது, கச்சேரியில் தம்புராவை வைத்துக்கொண்டு பாடகரை மாற்றுவது மாதிரி. பழமையை விற்கும் கடையின் தர்க்கப்படி இது தற்கொலை. நடந்தது வேறு. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 1887இல் வண்டிக்கு ஆள் ஏறும் இடம் வைத்ததும், 1920களில் பெண்களுக்கு மேஜை போட்டதும், 1960களில் மூசக்கா சமைத்ததும், 2012இல் ஸ்ட்ராபெரி வைத்ததும் ஒரே வரிசையில் நிற்கும் செயல்கள். அடுத்து வரப்போகும் வாடிக்கையாளர் யார் என்று பார்த்து அவருக்கு இடம் செய்துகொடுப்பது டைனரின் பழைய தொழில். அதில் லட்சியமெல்லாம் கிடையாது, வெறும் வியாபாரக் கணக்கு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஸ்காட்டின் குதிரை வண்டியும் வியாபாரக் கணக்குதான். 40ஆம் எண் சாலையில் கதவைச் சாத்தியவர்களும் தங்கள் வெள்ளை வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று வியாபாரக் கணக்கைத்தான் காரணம் காட்டினார்கள். ஒரே கணக்கு இருக்கிற வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கப் போடும்போது ஒரு விடையையும், வரப்போகிறவரை அழைக்கப் போடும்போது வேறு விடையையும் தருகிறது.

ஒரே ஒரு சங்கிலியை வைத்துப் பொதுவிதி கட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. வாஷிங்டன் புறநகர்கள் அரசுச் சம்பளமும் படிப்பும் செழித்த பகுதி. அங்கே பண்ணை முட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்க ஆள் உண்டு, எல்லா ஊரிலும் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் மெல்ஸ் என்ற பெயர் 1980களில் புதிதாகத் திறந்து, பழைய தோற்றத்தோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது என் வாதத்துக்கு எதிரான சாட்சி என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் திரைப்படத்தைத் தேடி வரும் சுற்றுலாப் பயணிகள். சுற்றுலாப் பயணி ஒருமுறை வந்தால் போதும், அக்கம்பக்கத்துக் குடும்பம் மாதம் இரண்டுமுறை வர வேண்டும். தெற்கு மாநிலங்களில் 1955இல் தொடங்கிய வாஃபிள் ஹவுஸ் சங்கிலியையும் சிலர் காட்டுவார்கள். அது ஒருபோதும் ரெட்ரோ இல்லை. 24 மணி நேரமும் திறந்திருக்கும் சாதாரணக் கடை. புயல் அடித்தால்கூட மூடாத பழக்கத்தால் பேரிடர் அதிகாரிகள் பாதிப்பை அளக்க அதையே ஓர் அளவுகோலாக்கிவிட்டார்கள். இரவு வேலைக்காரர்களைத் தேடிப் போன ஸ்காட்டின் வண்டிக்கு ஜானி ராக்கெட்ஸைவிட வாஃபிள் ஹவுஸ்தான் நெருங்கிய வாரிசு. அதில் ஒரு நியான் வளைவுகூட இல்லை.

சில்வர் டைனரை நடத்துகிறவர்கள் இதைப் புரிந்துதான் செய்தார்களா என்பது வேறு கதை. 2010களில் அவர்கள் ‘சில்வர்’ என்ற பெயரில், டைனர் என்ற சொல்லையே உதறிவிட்டு, சற்று மேல்தட்டான புதிய உணவகங்களைத் திறந்தார்கள். எவர்சில்வரும் 1950களும் இதில் இல்லை. அதற்குப் பதில் எடுத்துக்கொண்ட தோற்றம்? இன்னும் பழைய காலத்து பிராஸரி என்ற பிரெஞ்சு பாணி உணவகம். ஐம்பதுகளிலிருந்து தப்பியவர்கள் இன்னொரு பழங்காலத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். மெனுவை மட்டும் இந்தமுறையும் காலத்தோடு சேர்த்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சுவரில் எந்தப் பத்தாண்டைத் தொங்கவிட்டாலும், அப்படி மாற்றிக்கொண்டிருக்கும்வரைக்கும் கடை ஓடும்.